ஹோப்வெல்லில் ஒரு சபாநாயகரின் வயல்

அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிரின்ஸ்டனிலிருந்து ஹோப்வெல்லுக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜூன் மாதம், சாலையோர மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. பிராட் தெருவில் செங்கல்லால் கட்டிய பழைய பாப்டிஸ்ட் ஆலயம், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். நியூஜெர்சியின் சபாநாயகராக இருந்த ஜான் ஹார்ட்டின் நினைவுத்தூண் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆலயத்துக்கு 1747இல் நிலம் கொடுத்தவரே ஹார்ட்தான். இத்தனைக்கும் அவர் பாப்டிஸ்ட் அல்லர், பிரஸ்பிட்டேரியன் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அண்டை வீட்டாருக்குக் கும்பிட இடம் வேண்டும், கொடுத்துவிட்டார்.

பெரிய படிப்பில்லாத விவசாயி. பதின்மூன்று பிள்ளைகள். 1761 முதல் பத்தாண்டுகள் காலனிச் சட்டமன்றத்தில் இருந்தார். 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், புதிதாக அமைந்த நியூஜெர்சி சட்டமன்றத்தின் முதல் சபாநாயகரானார்.

அவரைப் பற்றி நான் முதலில் படித்த கதை கண்ணீர்க் கதை. ஆங்கிலேயப் படை துரத்த மலையில் அவர் ஒளிந்திருந்தபோது, மனைவி வீட்டில் செத்துப்போனாராம். தேதிகளைப் பார்த்தால் ஒட்டவே இல்லை. மனைவி டெபோரா இறந்தது 1776 அக்டோபர் 8. படை இந்தப் பக்கம் வந்தது டிசம்பரில். ஒளிந்தது உண்மைதான், ஆனால் டிரென்டனிலும் பிரின்ஸ்டனிலும் அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வென்றதும் வீடு திரும்பிவிட்டார். கதை கட்டியவர்களுக்கு அந்த இரண்டு மாத இடைவெளி இடைஞ்சலாக இருந்திருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது 1778 ஜூன். ஆங்கிலேயரோடு நடந்த மன்மத் போருக்குச் சில நாள் முன்பு வாஷிங்டனின் படையைத் தம் நிலத்தில் தங்க அழைத்தார் ஹார்ட். வந்தவர்கள் ஏறக்குறைய 12,000 பேர். அவர்களோடு குதிரைகள், வண்டிகள். பயிர் வளரும் பருவத்தில்! எங்கள் ஊரில் பக்கத்து வீட்டு மாடு வரப்பைத் தாண்டினாலே பஞ்சாயத்து கூடிவிடும். அடுத்த ஆண்டு மே 11ஆம் தேதி சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்டு இறந்தார். மிஞ்சியது கடன்.

மாலையில் அவர் ஒளிந்த சோர்லாண்ட் மலைக்குப் போனேன். மலை என்பது மரியாதைக்கு. உயரம் அறுநூறு அடிகூட இல்லை. ஆனால் பாறைகள் ஆளுயரம், இடுக்கெல்லாம் ஈரச் சருகு. இருபதாவது நிமிடத்தில் வழுக்கிவிழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். நான் போனது கோடையில், ரப்பர் காலணியோடு. அவர் போனது டிசம்பர் குளிரில், அறுபதைத் தாண்டிய வயதில். கீழே இறங்கி, காரின் கதவைத் திறந்துவைத்தபடி காலுறையில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று தேடினேன். இரண்டு கிடைத்தன.