காற்றும் வாசிக்கிறது

ரெண்டு நாளாக நார்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கின் ‘டிஸ்’ ஆல்பத்தை விட்டு வெளியே வரமுடியவில்லை. 1976-ல் பதிவானது. சில இடங்களில் அடியில் ஒரு ரீங்காரம் வரும். நார்வே கடற்கரையில் வைத்த யாழ் அது; மீட்டுவது விரல் இல்லை, கடல்காற்று! அதன்மேல் சாக்ஸபோன், மலையில் மேயும் மாடுகளைக் கூப்பிடும் குரல் மாதிரி நீண்டு எழும்புகிறது. அலங்காரமே கிடையாது. ஒரே சுரம், அப்புறம் மௌனம். அந்த மௌனத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கார்பரெக் 14 வயதில் ரேடியோவில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனைக் கேட்டுச் சொக்கிப்போய் சாக்ஸபோன் பிடித்தவர். ‘உங்க ஊர்ப் பாட்டைப் பாரு’ என்று தூண்டியவர் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் டான் செர்ரி.

அடுத்து கார்பரெக் வாசித்த ‘ரோசென்ஸ்ஃபோலே’ ஆல்பம் கேளுங்கள், 1989. ஆக்னெஸ் பூயன் கார்னோஸ் பாடும் நார்வேயின் பழங்கதைப் பாடல்கள். ஹெட்போனில், விளக்கை அணைத்துவிட்டு.