பெல்காம் லாரியும் பெரியப்பாவும்

2022 டிசம்பர் 6, செவ்வாய்

இன்று தாதர் பக்கம் தலைவைக்க முடியாது. அம்பேத்கர் நினைவு நாள், சைத்யபூமியில் கடல் போல் கூட்டம். சயானிலேயே பஸ் பிடித்து வாஷி மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். மத்தியானம் வரை லாரி ஆபீஸ் வழக்கம்போல் ஓடியது. அப்புறம் போன் மேல் போன். கர்நாடகத்தில் இருக்கும் பெலகாவியை, அதாவது பழைய பெல்காமை, மகாராஷ்டிரம் தனக்குக் கேட்கும் எல்லைத் தகராறு மறுபடி மூண்டிருக்கிறது. பெலகாவிக்குப் பக்கத்தில் ஹிரேபாகேவாடி டோல்கேட்டில் மகாராஷ்டிர லாரிகள் மேல் கல்லெறிகிறார்கள். பதிலுக்குப் புனேயில் கர்நாடக பஸ்கள் மேல் கறுப்புப் பெயின்ட். மகாராஷ்டிர அரசு பஸ்களும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டன.

எங்களுக்கு வரவேண்டிய முட்டைக்கோஸ் லோடு எல்லைக்கு இந்தப் பக்கம் கோலாப்பூரில் நிற்கிறது. வண்டி கே.ஏ. 22, பெலகாவிப் பதிவு. டிரைவர் கானாபூர்க்காரர், வீட்டில் பேசுவது மராத்தி. கோலாப்பூரில் யாராவது நம்பரைப் பார்த்துக் கல்லெடுத்தால் மண்டை உடையப்போவது ஒரு மராத்திக்காரருக்கு. முதலாளிக்கு அந்தக் கவலை இல்லை. கோஸ் அழுகினால் நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 8, வியாழன்

லோடு விடிகாலையில் வந்தது. கேபின் கண்ணாடியில் புதிதாக ஒரு சிவாஜி மகாராஜ் ஸ்டிக்கர். கோலாப்பூரில் முப்பது ரூபாய்க்கு வாங்கி ஒட்டினாராம். "திரும்பும்போது கர்நாடக எல்லைல, நிப்பாணிக்கு முன்னாடி உரிச்சிடணும் அண்ணா" என்றார். எங்களுக்குள் இந்திதான். அந்த 'அண்ணா' மட்டும் கன்னடமா தமிழா என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

இறக்குக்கூலித் தகராறு முடியும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் கேட்டேன்: "உங்கள் ஜனங்களையே கேட்டு முடிவு பண்ணினால் என்ன?" பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே திருப்பிக் கேட்டார்: "ஊர் ஊராக் கேட்பாங்களா, மாவட்டமாக் கேட்பாங்களா?" ஊராகக் கேட்டால் அவர் ஊர் மகாராஷ்டிரத்துக்குப் போகும், ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர் போகாது. மாவட்டமாகக் கேட்டால் கன்னடம் ஜெயிக்கும். வாக்குப் பெட்டியைத் திறக்கும் முன்பே அவருக்கு விடை தெரிந்திருக்கிறது.

அவருடைய அண்ணன் கர்நாடக மாநில தினமான நவம்பர் 1 தோறும் கறுப்புக் கொடியோடு ஊர்வலம் போகிறவர். இவருக்கு அவ்வளவு வேகம் இல்லை. நிலப் பத்திரம் கன்னடத்தில் வருகிறது. படித்துச் சொல்ல மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, அவள் கன்னடப் பள்ளிக்கூடம். "மராத்தியில ஒரு நகல் கொடுத்தாப் போதும் எனக்கு. அண்ணன் காதுல விழுந்தா அடிப்பான்."

இதை வைத்து, சாதாரண ஜனங்களுக்கு எல்லையைப் பற்றிக் கவலையே இல்லை என்று எழுதிவிடலாம். அந்த அண்ணனும் சாதாரண ஜனம்தான்.

டிசம்பர் 11, ஞாயிறு

தாராவியில் பெரியப்பா வீடு. வயது 84, செங்கோட்டையில் பிறந்தவர். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. பெல்காம் பம்பாய் மாநிலத்திலிருந்து மைசூருக்குப் போனதும் அதே நாள், அதே சட்டம். இத்தனை வருஷத்தில் இந்த இரண்டையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

"உங்களையெல்லாம் கேட்டாங்களா பெரியப்பா?"

"யாருல கேட்டா? கச்சேரில போர்டை மாத்துனான், அவ்வளவுதான். எங்களுக்குச் சந்தோசந்தான். கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்போம்."

பிடித்த முடிவு வந்துவிட்டால் யாரும் கேட்கவில்லை என்பதே உறைப்பதில்லை. ஆனால் தெற்கே அது சும்மா வந்ததில்லை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. அவ்வளவுக்கும் பிறகு தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை, கேரளத்தோடு போயின. அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதி தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்பது மாநில எல்லைகளை மாற்றியமைக்கப் பரிந்துரைத்த பசல் அலி ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. பெரியப்பாவுக்கு அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. "தேயில பறிக்க வந்தவன் குடியில்லயாம். அப்ப இங்க நாம யாரு?"

அந்தக் கேள்வி என்னை வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது. 1956 ஜனவரியில் பம்பாய் நகரத்தை மத்திய அரசின் கீழ் வைக்கப்போவதாக நேரு அறிவித்தார். நகரம் மராத்தி மாநிலத்துக்கே வேண்டும் என்று ஆலைத் தொழிலாளிகள் தெருவில் இறங்கினார்கள். அந்தப் போராட்டக் காலத்தில் போலீஸ் சுட்டதில் இறந்தவர்கள் நூற்றுக்கு மேல், ஹுதாத்மா சௌக்கில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் நிற்கிறது. அன்று நகரத்தில் மராத்தி பேசியவர்கள் பாதிக்கும் குறைவு. வாக்கெடுப்பு வைத்திருந்தால் குஜராத்திகளும் தமிழர்களும் மற்றவர்களும் சேர்ந்து அவர்களைத் தோற்கடித்திருக்கக்கூடும்.

பெரியப்பா இங்கே வந்தது 1958-ல். "நீங்கள் அப்போது இருந்திருந்தால்?" "டெல்லிகிட்டயே இருக்கட்டும்னு குத்தியிருப்பேன். பயம்லா." 1969 பிப்ரவரியில் பெல்காமைக் கேட்டு சிவசேனா நடத்திய கிளர்ச்சி கலவரமாகி பம்பாய் நகரமே எரிந்தது, பால் தாக்கரே கைதானார். பெரியப்பா கதவைத் தாழிட்டு உள்ளே கிடந்தார். "பெல்காம் கெழக்கயா மேக்கயான்னு தெரியாது. அதுக்காவ நாலு நாளு வெறும் அவலத் தின்னேன்."

தேவிகுளத்தில் தோட்டத் தொழிலாளியை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்கிறேன். பம்பாயில் பிழைக்க வந்தவர்களின் வாக்கு மில் தொழிலாளியை அமுக்கியிருக்கும் என்றதும் சங்கடப்படுகிறேன். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 22, வியாழன்

ஒரு அங்குலம்கூடத் தரமாட்டோம் என்று கர்நாடகச் சட்டசபை பெலகாவியில் வைத்தே ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது. 2012-ல் அங்கே சுவர்ண விதான சௌதா கட்டியதே இந்த மாதிரி நாளுக்காகத்தான் போலிருக்கிறது.

ராத்திரி உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி மெஹர் சந்த் மகாஜனைப் பற்றிப் படித்தேன். சுதந்திரப் போராளி சேனாபதி பாபட் உண்ணாவிரதம் இருந்த பிறகு 1966-ல் இந்த எல்லைத் தகராறுக்காகப் போட்ட ஒருநபர் ஆணையம் இவர்தான். மறு வருஷம் அறிக்கை கொடுத்தார். நிப்பாணி, கானாபூர் உள்பட 264 ஊர் மகாராஷ்டிரத்துக்கு, 247 ஊர் கர்நாடகத்துக்கு, பெல்காம் நகரம் இருந்த இடத்திலேயே. கர்நாடகம் சரி என்றது, மகாராஷ்டிரம் முடியாது என்றது. நம் டிரைவரின் கானாபூர் மகாராஷ்டிரத்துக்குப் போயிருக்கும், தடுத்தது மகாராஷ்டிரமே.

இதே மகாஜன்தான் 1947-ல் ராட்கிளிஃப் தலைமையில் பஞ்சாபைப் பிரித்த எல்லை ஆணையத்தில் ஓர் உறுப்பினர். அதே வருஷம் அக்டோபரில், மகாராஜா இந்தியாவோடு சேரக் கையெழுத்திட்டபோது, காஷ்மீரின் பிரதமர். மூன்று எல்லை, ஒரே மனிதர், மூன்றும் இன்னும் புகைகிறது. ஜனங்களைக் கேட்போம் என்ற பேச்சு வந்தது காஷ்மீருக்கு மட்டும். 1948-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் வரை போனது. படை விலகல் தகராறிலேயே நின்றுவிட்டது.

டிசம்பர் 27, செவ்வாய்

இன்று மகாராஷ்டிரத்தின் முறை. தகராறில் இருக்கும் 865 ஊர்களும் எங்களுக்கே என்று ஒருமனதாக. போட்ட இடம் நாக்பூர்! விதர்பா தனி மாநிலமாகட்டும் என்று பசல் அலி ஆணையமே சொன்னது, யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பெலகாவி மக்களின் விருப்பத்தைப் பேசுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் மகாராஷ்டிரம் 2004-ல் போட்ட வழக்கு அப்படியே கிடக்கிறது.

2023 ஜனவரி 16, திங்கள்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாத ஊரில் மிச்சச் சர்க்கரைப் பொங்கலைச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

1967-ல் இதே தேதியில்தான் கோவாவில் கருத்து வாக்கெடுப்பு. மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, யூனியன் பிரதேசமாகவே இருப்பதா? முதல்வர் பந்தோட்கர் சேர்ப்புக் கட்சி. வாக்கெடுப்பு நேர்மையாக நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே பதவி விலகினார். தனியாக இருப்பதற்கு 1,72,191, சேர்வதற்கு 1,38,170. கோபத்தோடானாலும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். இந்தியாவா பாகிஸ்தானா என்று ஜூனாகத் சமஸ்தானத்தில் 1948-ல் கேட்டபோது பாகிஸ்தானுக்கு விழுந்தது வெறும் 91 வாக்கு, ஆனால் அங்கே இந்தியப் படை போன பிறகுதான் பெட்டியே வைத்தார்கள். என் மனசு கோவா பக்கம்தான்.

கோவாவிலும் குறை உண்டு. இந்த மும்பையில் சமையல் வேலையும் கப்பல் வேலையும் பார்த்த கோவாக்காரர்கள் தாங்களும் வாக்களிக்கக் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அது சரிதான். எங்கே வாழ்கிறானோ அங்கே குத்தட்டும். அப்படியென்றால் தேவிகுளத்துத் தொழிலாளிக்கு வாக்கு உண்டு. 1956 பம்பாயில் தமிழனுக்கும் உண்டு, அதன் விளைவு எனக்குப் பிடிக்காவிட்டாலும். கானாபூரில் ஊர் ஊராகக் கேட்க வேண்டும். ஆந்திராவா சென்னையா என்ற திருத்தணித் தகராறுக்குத் தீர்வு சொன்ன படாஸ்கர் பார்த்தது அப்படித்தான், வாக்கு வைக்காமல் மொழிக் கணக்கைப் பார்த்தார், ஆனால் கிராமத்தை அலகாக வைத்தார். 1960 ஏப்ரல் 1-ல் வேலை முடிந்தது.

பெரியப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். கோவாவில் தனியாக இருப்பதற்குச் சின்னம் இரட்டை இலை என்ற இடத்தில் மட்டும் விழித்துக்கொண்டார். "எம்.ஜி.ஆருக்கு முன்னாலயேவா?"

சாயங்காலம் டிரைவர் கூப்பிட்டார். நாளைக்குப் பச்சை மிளகாய் லோடு. சிவாஜி மகாராஜை உரிக்கும்போது பாதி கிழிந்துவிட்டதாம். இப்போது புதிதாக ஒன்றும், மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடி ஒன்றும் வாங்கி, பசையைத் தொடாமல் செல்லோடேப்பில் ஒட்டிக்கொள்கிறார்.