48 மணி நேரமும் எங்க அத்தையும்

போன வருஷம் நடந்தது, இப்பதான் எழுத தெம்பு வந்திருக்கு. எனக்கு 41 வயசு, ரெண்டு பசங்க ஏற்கனவே இருக்காங்க, மூணாவது எதிர்பாக்கவே இல்ல. வயச பாத்துட்டு டாக்டர் ரத்த டெஸ்ட் எழுதினாங்க, அதுல சந்தேகம்னு வந்துச்சு, இது ஸ்க்ரீனிங்தான் முடிவு இல்லன்னு சொல்லி 16வது வாரம் வயித்துல ஊசி போட்டு பனிக்குடத் தண்ணி எடுத்து பாத்தாங்க. ட்ரைசோமி 18. 18வது க்ரோமோசோம் ரெண்டு இருக்க வேண்டிய எடத்துல மூணு. நெறைய பிள்ளைங்க வயித்துலயே போயிடும், பொறந்தாலும் ஒரு வயசு தாண்டுறது ரொம்ப ரொம்ப கம்மி. இத எல்லாம் டாக்டர் கம்ப்யூட்டர பாத்துக்கிட்டே சொன்னாங்க, என் முகத்த பாக்கவே இல்ல, அந்த கோவம் எனக்கு இன்னும் போகல.

இங்க சிங்கப்பூர்ல கருக்கலைப்பு சட்டம் 1970லயே அமலுக்கு வந்துருச்சு, 1974ல இன்னும் தளர்த்தினாங்க. 24 வாரம் வரைக்கும் நாமளே முடிவு பண்ணலாம், வீட்டுக்காரர் கையெழுத்து கூட வேணாம். ஆனா முதல்ல கவுன்சலிங் போகணும், அது முடிஞ்சு 48 மணி நேரம் கழிச்சுதான் சம்மதப் படிவத்துல கையெழுத்து போட முடியும். முன்னாடி மூணு பிள்ளை பெத்தவங்களுக்கெல்லாம் கவுன்சலிங் கட்டாயம் இல்ல, 2015லதான் எல்லாருக்கும்னு மாத்தினாங்க.

கவுன்சலிங் ரூம்ல ஒரு வீடியோ போட்டாங்க, அப்புறம் அந்தம்மா பொறுமையா பேசினாங்க. வீட்ல இதப்பத்தி யார்கிட்டயாவது பேச முடியுமான்னு கேட்டாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. ஏன்னா வீட்ல ஏற்கனவே ஒரு மாநாடே நடந்துக்கிட்டிருந்துச்சு.

நான் தமிழ் மெதடிஸ்ட் (புராட்டஸ்டன்ட் சபை), வீட்டுக்காரர் பக்கம் கத்தோலிக்கர், ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்தான் பரம்பரையா. அவரோட அண்ணன், பெரிய மச்சான், பத்து வருஷம் முன்னாடி வேற சபைக்கு போயிட்டார். அன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் ஹால்ல. பெரிய மச்சான் பைபிள்ல சங்கீதம் 139 எடுத்து "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது"ன்னு வாசிச்சார், இதுக்கு மேல என்ன பேச்சுன்னுட்டார். அவர் சம்சாரம், அந்த அக்கா எப்பவும் வாயே தெறக்க மாட்டாங்க, யாத்திராகமம் 21ஐ எடுத்தாங்க. சண்டைல கர்ப்பிணி பொம்பள மேல அடி பட்டு "கர்ப்பம் விழுந்துபோனால்" அபராதம், அவளுக்கு சேதம்னா ஜீவனுக்கு ஜீவன், அப்ப ரெண்டும் ஒண்ணு இல்லதானேன்னாங்க. மச்சான் உடனே போன்ல என்ஐவி இங்கிலீஷ் பைபிள தட்டினார், அதுல குறைமாசத்துல பொறந்தான்னு இருக்கு. கீழ சின்ன எழுத்துல கர்ப்பம் விழுந்தான்னும் ஒரு குறிப்பு இருக்கு, அத மட்டும் அவர் வாசிக்கல. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், பாத்தேன்.

அப்புறம் அவங்க பையன், பாலிடெக்னிக் படிக்கிறான், யோவான் 1:12 சொன்னான். ஏத்துக்கிட்டவங்க எத்தனை பேரோ அவங்களுக்குத்தான் தேவனுடைய பிள்ளைகளாகும் அதிகாரம், விசுவாசிச்சாதான் ஆக முடியும், அப்ப வயித்துல இருக்கறது படைப்புதான், தேவனோட பிள்ளை இன்னும் ஆகலையேன்னு. மச்சானுக்கு முகம் செவந்துபோச்சு. எனக்கு என்னமோ அப்ப எங்க எதிர்வீட்டு அக்கா ஞாபகம் வந்துச்சு, வெள்ளிக்கெழம தவறாம வீரமாகாளியம்மன் கோயில் போறவங்க, எனக்கு வாந்தி வந்தப்பல்லாம் ரசம் வச்சு குடுத்தவங்க. தம்பி, நீ சொல்ற கணக்குப்படி அவங்களும் தேவ பிள்ளை இல்ல, அதுக்காக அவங்க உயிருக்கு மதிப்பு கொறஞ்சிருமான்னு கேட்டேன். அவன் வாய மூடிக்கிட்டான். ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு, ஒரு நிமிஷம்தான், ஏன்னா அது எனக்கும் எந்த பதிலும் குடுக்கல. எப்படியும் வாழப்போறதில்லன்னு தெரிஞ்ச பிள்ளைய சுமக்கணுமாங்கறதுதான் என் கேள்வி, அத யாரும் தொடவே இல்ல.

ரெண்டாவது ராத்திரி தூக்கம் வரல, குசினில மைலோ கலக்கிக்கிட்டிருந்தேன், அத்தை (என் மாமியார்) வந்து ஸ்டூல்ல உக்காந்தாங்க. "நானும் போயிருக்கேம்மா, 1976ல"ன்னாங்க. (இத எழுதறதுக்கு அவங்ககிட்ட கேட்டுட்டேன், பேரு மட்டும் போடாதேன்னாங்க.) ஏற்கனவே மூணு பிள்ளைங்க, நாலாவத கலைக்க. ரெண்டு போதும்னு அரசாங்கம் எங்க பாத்தாலும் போஸ்டர் ஒட்டின காலம், அடுத்தடுத்த பிள்ளைக்கு பிரசவ ஃபீஸ் ஏறும், ஸ்கூல் சேக்கறதுல முன்னுரிமை போயிடும், மாமா ஹார்பர்ல கூலி வேலை. காலைல போயிட்டு சாயங்காலம் வந்து சோறு வடிச்சேன்னு சொன்னாங்க. 48 மணி நேரம் எல்லாம் யாரும் குடுக்கல. அப்புறம் சொன்னாங்க, அன்னைலேர்ந்து நான் நன்மை (பூசைல குடுக்கற அப்பம்) வாங்கறதில்ல. கல்யாணம் ஆகி பதினாறு வருஷமா பூசைல அவங்க கடைசி பெஞ்சுல உக்காந்தே இருக்கறத பாத்திருக்கேன், முட்டி வலின்னுதான் நெனச்சேன். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை சொர்க்கத்துக்கு போகாது, லிம்போங்கற வேற எடத்துக்கு போகும்னு சின்ன வயசுல அவங்களுக்கு சொல்லிக்குடுத்திருக்காங்க, அதத்தான் அம்பது வருஷமா நெனச்சுக்கிட்டிருந்திருக்காங்க.

மூணாவது நாள் போய் கையெழுத்து போடலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். விசுவாசத்துலயான்னு கேட்டா தெரியல, பயத்துலயும் இருக்கலாம். நாலு வாரத்துல துடிப்பு தானா நின்னுருச்சு. சபைல ஒருத்தர் கைய புடிச்சு "கர்த்தரே பாத்துக்கிட்டார் சிஸ்டர்"னார், கைய உதறிட்டேன். இதே நோய்க்கு கையெழுத்து போட்ட ஒரு பொண்ண எனக்கு தெரியும், அவகிட்ட அந்த ஆளு என்ன சொல்லியிருப்பார்னு யோசிச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அத்தைய நான்தான் லூர்து கோயிலுக்கு கூட்டிட்டு போனேன், பாவசங்கீர்த்தனத்துக்கு, குருகிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்க. இந்த பாவத்த மன்னிக்க எல்லா குருவுக்கும் அதிகாரம் உண்டுன்னு 2016ல போப் பிரான்சிஸ் நிரந்தரமா சொல்லிட்டார், அவங்களுக்கு அது தெரியவே இல்ல. லிம்போ பத்தியும் ஃபாதர் சொல்லியிருக்கார், அது திருச்சபையோட விசுவாசக் கோட்பாடு இல்ல, ஞானஸ்நானம் இல்லாம போன பிள்ளைங்களும் மீட்கப்படுவாங்கன்னு நம்பிக்கை வைக்க காரணம் இருக்குன்னு 2007ல வத்திகான்லேர்ந்தே ஒரு அறிக்கை வந்துச்சாம். கால் மணி நேரம் ஆச்சு. வெளிய வந்து "வா, டெக்கா மார்க்கெட்டுக்கு போயி கீரை வாங்கணும்"னாங்க, அவ்ளோதான்.

அடுத்த ஞாயித்துக்கெழம நன்மை வரிசைல எந்திரிச்சு நின்னாங்க. கத்தோலிக்கர் இல்லங்கறதால நான் பெஞ்சுலயே உக்காந்திருந்தேன், அவங்க கைப்பை என் மடில இருந்துச்சு.