குமரகத்தில் கம்பெனி மாநாடு: ஏரியைத் திரை போட்டு மூடிவிட்டார்கள்

கேரளத்துக் குமரகத்திலிருந்து நேற்றுதான் திரும்பினேன், கோபம் இன்னும் ஆறவில்லை. இந்தியாவிலேயே மிக நீளமான ஏரி வேம்பநாடு. அதன் கரைக்கு இத்தனை பேரை வரவழைத்து, காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை திரையை இழுத்து மூடிய ஹாலில் உட்கார வைத்தார்கள். புரொஜெக்டர் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். டீ இடைவேளையில் திரையை ஒரு சாண் விலக்கிப் பார்த்தேன். தண்ணீரில் நட்டிருந்த மூங்கில் கழியில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. உள்ளே அடுத்த காலாண்டு டார்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல சென்னை ஆபீஸ் போதாதா?

சரி, எப்படிப் போவது என்று சொல்லிவிடுகிறேன். சென்னை சென்ட்ரலில் சாயங்காலம் திருவனந்தபுரம் மெயில் ஏறினால் மறுநாள் காலை கோட்டயம். அங்கிருந்து குமரகத்துக்கு பஸ் இருக்கிறது. பெட்டியோடு போகிறவர்களுக்கு டாக்சிதான் வசதி. ஆனால் ஸ்டேஷன் வாசலில் ரிசார்ட் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு எங்களிடம் 1,800 ரூபாய் கேட்டார் ஒருவர். பின்னாலேயே வந்த சக ஊழியர் "குமரகம் ஜெட்டி" (படகுத்துறை) என்றார், அவருக்கு 700. ஆபீஸ் திருப்பித் தருவது 800 வரைதான், மிச்சம் நம் பாக்கெட்.

ரூமைக் குறை சொல்ல முடியாது. ஓட்டுக்கூரை, பழைய மரத்தூண், மேலே வானம் தெரியும் குளியலறை. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது 2000ஆம் ஆண்டுக் கடைசியில் ஓய்வெடுக்க வந்த ஊர் இது. 2023இல் ஜி20 நாட்டுத் தலைவர்களுடைய பிரதிநிதிகளின் ‘ஷெர்பா’ கூட்டமும் இங்கேதான் நடந்தது. இரண்டையும் சொல்லாத ஊழியர் யாரும் இல்லை. ஆனால் சாப்பாடு! ஏரிக்கரையில் உட்கார வைத்து பனீர் பட்டர் மசாலாவும் நூடுல்ஸும் போடுகிறார்கள். மீன் என்று வைத்திருந்தது எலும்பில்லாத, ருசியில்லாத ஏதோ ஒரு வெள்ளைத் துண்டு. கரிமீன் கேரளத்தின் மாநில மீன், குமரகம் அதற்குப் பேர்போன ஊர். இங்கே வந்து அது இல்லாத பஃபே என்றால் அநியாயம்தான்.

கடைசி நாள் மதியம் விட்டார்கள். மூன்று பேராக நடந்து ஒரு கள்ளுஷாப்பைப் பிடித்தோம். வேகவைத்த கப்பை (மரவள்ளிக்கிழங்கு), குடம்புளி போட்ட சிவப்பு மீன் குழம்பு, அப்புறம் கரிமீன் பொள்ளிச்சது. வாழையிலைப் பொட்டலத்தின் ஓரமெல்லாம் கருகியிருந்தது. பிரித்ததும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த ஆவி முகத்தில் அடித்தது. மசாலா மீனின் தோலோடு ஒட்டியிருந்தது, அதைச் சுரண்டிச் சுரண்டித் தின்றோம். முள் அதிகம், பொறுமை வேண்டும். எடைக்கும் அளவுக்கும் தகுந்தபடி விலை ஏறுகிறது, அதனால் மீனைக் கண்ணால் பார்த்து விலை கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். மூன்று பேரும் வயிறாரத் தின்றும், ரிசார்ட்டில் ஒரு ஆள் பஃபேக்கு வாங்குவதைவிடக் குறைவாகத்தான் பில் வந்தது.

அங்கிருந்து ஜெட்டிக்குப் போய் அக்கரையில் இருக்கும் முஹம்மாவுக்கு அரசு படகு ஏறினோம். ரிசார்ட்டின் சூரிய அஸ்தமனச் சவாரிக்குத் தலைக்கு ஆயிரத்துக்கு மேல். அரசு படகில் டீ குடிக்கிற காசுதான், ஏரியும் அதே ஏரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடை வைத்திருந்த அம்மாக்களும் ஏறினார்கள். ஜெட்டிப் பக்கம் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தது, படகு அதைத் தள்ளிக்கொண்டே நகர்ந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் காரணம் சொன்னார்: ஏரியை ஒட்டிய தாழ்வான குட்டநாட்டு நெல்வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்க, கோடை மாதங்களில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். உப்பு வராததால் நெல் பிழைக்கிறது, இந்தச் செடியும் பெருகுகிறது, மீன் வரத்து குறைகிறது. முழுநாள் ஹாலில் கேட்டதைவிட இந்தப் பத்து நிமிடப் பேச்சு எனக்குப் பெரிது.

செக்-அவுட் பில்லை வரிவரியாகப் பாருங்கள். ரூமில் வைத்திருந்த முந்திரிப் பாக்கெட்டை நான் தொடவே இல்லை, ஆனாலும் 450 ரூபாய் போட்டிருந்தார்கள். ரூமுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் அதை பில்லிலிருந்து எடுத்தார்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.