எழுதியதும் எழுதாததும்: அரீதாவின் தன்வரலாற்றை வாசகர்களோடு படித்த அனுபவம்

அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவரின் பெயரைக் கொண்டு அடுக்குவதில்லை. யாரைப் பற்றிய நூலோ அவருடைய பெயர் வரிசையில்தான் அடுக்குவார்கள். டெட்ராய்ட் நகரின் புறநகர் ஒன்றில் நான் வேலை பார்க்கும் நூலகத்திலும் அதுவே வழக்கம். அதனால் 'ஃபிராங்க்ளின்' என்ற பெயருக்குரிய தட்டில் முதலில் பாடகி அரீதா, அடுத்துப் பெஞ்சமின், பிறகு விஞ்ஞானி ராசலிண்ட் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வாழ்க்கைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அரீதாவின் பங்குக்கு அங்கே இன்னொரு நெருக்கடியும் உண்டு. டேவிட் ரிட்ஸ் என்ற எழுத்தாளரின் துணையோடு அவர் 1999இல் வெளியிட்ட 'அரீதா: ஃப்ரம் தீஸ் ரூட்ஸ்' என்ற தன்வரலாறும், அதே ரிட்ஸ் 2014இல் தனியாக எழுதிய 'ரெஸ்பெக்ட்' என்ற வாழ்க்கை வரலாறும் ஒட்டியே நிற்கின்றன. இரண்டாவது நூல் முழுக்கப் பொய் என்று அரீதா வெளிப்படையாகவே சாடியிருந்தார். அவர் விரட்டியடித்த நூலை அவருடைய சொந்த நூலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைப்பது எங்களுக்கு அன்றாட வேலை.

2018 ஆகஸ்ட் 16 அன்று அரீதா டெட்ராய்ட்டில் தம் வீட்டில் காலமானார். அதுவரை அந்தத் தன்வரலாற்றைத் தேடி வருபவர்கள் மிகக் குறைவு. நீண்ட காலம் யாரும் எடுக்காத நூல்களை அவ்வப்போது பட்டியலிட்டுக் கழிப்பது நூலகங்களின் நடைமுறை. அந்தப் பட்டியலின் விளிம்பில்தான் அதுவும் இருந்தது. மரணச் செய்தி வந்த பிறகு முன்பதிவு வரிசை நீண்டது, பக்கத்து ஊர் நூலகங்களிலிருந்தெல்லாம் பிரதிகளை வரவழைத்தோம். மாதந்தோறும் நடக்கும் வாசகர் வட்டத்துக்கும் அந்த நூலையே எடுத்துக்கொள்ளலாம் என்று உறுப்பினர்களே கேட்டார்கள். வட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. தமிழ்ச் சினிமாப் பாட்டோடு வளர்ந்த எனக்கு, கறுப்பின அமெரிக்கர்கள் உருவாக்கிய சோல் இசையின் வரலாறு தெரிந்ததெல்லாம் இந்த ஊருக்கு வந்து, இந்த மேசையில் உட்கார்ந்து கற்றதுதான். ஆகவே அன்று நான் பேசியதைவிடக் கேட்டதே அதிகம்.

வந்திருந்தவர்களில் பலர் ஏமாற்றத்தோடுதான் பேச்சைத் தொடங்கினார்கள். பிரசவ வார்டில் பல காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், நூலின் முற்பகுதியில் தாள் கிழித்து அடையாளம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அரீதாவின் பெற்றோர் 1948இல் பிரிந்தார்கள், தாய் பார்பரா நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்குப் போய்விட்டார், மகளுக்குப் பத்து வயது நிறைவதற்குச் சற்று முன்பு 1952இல் இறந்தும் போனார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 12 வயதில், அரீதா முதல் குழந்தைக்குத் தாயானார். 14 வயதில் இரண்டாவது. தாய் தங்களைக் கைவிட்டுப் போகவில்லை என்று நூலில் வரிந்து கட்டிக்கொண்டு வாதாடும் அரீதா, 12 வயதுக் கர்ப்பத்தைச் சுருக்கமாகவும் தெம்பாகவும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த வயதுச் சிறுமிகளுக்குப் பிரசவம் பார்த்திருக்கும் தம்மால் அப்படி நகர முடியவில்லை என்றார் செவிலியர். அவருடைய கேள்வி கிசுகிசுவில் ஆசைப்பட்டவரின் கேள்வி அல்ல. பொறுப்பேற்க வேண்டியவர்கள் எவரும் அந்தப் பக்கங்களில் இல்லையே, இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் அவருடைய கோபம்.

மற்றவர்களின் குறைகள் வேறு மாதிரி. இசைக்குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர், 1967 ஜனவரியில் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரில் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முறிந்துபோன ஒலிப்பதிவைப் பற்றி அரீதாவின் வாயாலேயே கேட்க ஆசைப்பட்டிருந்தார். அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பாடிய முதல் பதிவு அது. 'ஐ நெவர் லவ்ட் எ மேன்' பாட்டு முடிந்து, அடுத்த பாட்டு பாதியில் நிற்கையில், அன்றைய கணவர் டெட் ஒயிட்டுக்கும் அங்கிருந்தவர்களுக்கும் தகராறு மூண்டு எல்லாரும் கலைந்துபோனார்கள். பியானோவில் கை வைத்த அந்தக் கணத்தைப் பற்றியும், அந்த இரவைப் பற்றியும் இளைஞர் எதிர்பார்த்த அளவுக்கு நூலில் இல்லை. பதிலாக விருந்துகள், உடைகள், யாருக்கு யார் மரியாதை தரவில்லை என்ற கணக்குகள் ஆகியவை பக்கம் பக்கமாக வருகின்றன. இந்தக் குறையில் எனக்கும் உடன்பாடுதான். மூடிய இடங்களை மன்னித்தாலும் திறந்த இடங்களில் சளசளப்பு இருப்பதை மன்னிப்பது கடினம்.

ஆனால் நூல் முழுவதும் அப்படி இல்லை. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், உட்வர்டு அவென்யூவில் இருந்த ஆர்கேடியா ஸ்கேட்டிங் அரங்கைப் பற்றிய பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்ததாகச் சொன்னார். சக்கரம் கட்டிய காலோடு அவரும் அந்தத் தரையில் சுற்றியவர். சாப்பாட்டைப் பற்றி அரீதா எழுதும்போது கூச்சமே இல்லை. சிறுமியாக அத்தையின் சவ அடக்கத்தில், பக்திப் பாடகி கிளாரா வார்டு பாடிக்கொண்டே ஆவேசம் மீறித் தம் தொப்பியைக் கழற்றித் தரையில் வீசியதைப் பார்த்து, தானும் பாடகியாக வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்ததாக அவர் சொல்லிவந்த நிகழ்ச்சி நெஞ்சில் நிற்கிறது. பிறர் கொட்டித் தீர்த்ததை அவ்வளவு ஆசையோடு பார்த்தவர், தம்முடையதைக் கொட்ட மட்டும் மறுத்துவிட்டார்.

பேச்சின் போக்கைத் திருப்பியவர் சிறுவயதில் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போய்வந்த மூத்த பெண்மணி. அரீதாவின் தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் அங்கே போதகர். அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாக விற்றன. 1963 ஜூனில் மார்ட்டின் லூதர் கிங்கை அழைத்து டெட்ராய்ட் வீதிகளில் மாபெரும் ஊர்வலம் நடத்தியவர்களில் அவர் முன்னணியில் நின்றார். மஹேலியா ஜாக்சன், டைனா வாஷிங்டன் போன்ற புகழ்பெற்ற பாடகிகள் வந்துபோகும் வீடு அது. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன உடுத்தினார்கள், எங்கே போனார்கள் என்று சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும், எனவே எதை வெளியே சொல்லக்கூடாது என்பதை அங்கே பிள்ளைகள் பேசக் கற்கும்போதே கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்றார் அந்த அம்மா. 1968 ஜூன் மாதத்தில் 'டைம்' இதழ் அட்டையில் அரீதாவின் முகத்தைப் போட்டது. உள்ளே, அட்லாண்டா ஓட்டல் ஒன்றில் கணவர் அவரைப் பலர் முன்னிலையில் அடித்து முரட்டுத்தனமாக நடத்தினார் என்ற செய்தியும் இருந்தது. கறுப்பினப் பெண் ஒருவர் அந்த அட்டையில் வந்த பெருமையை ஊரே கொண்டாடிய வேளையில், உள்ளே இருந்ததைப் படித்துவிட்டுத் தம் தாயார் இதழை மடித்து உள்ளே வைத்துவிட்டதை அந்த அம்மா நினைவுகூர்ந்தார். அதற்குப் பிறகு அரீதா நிருபர்களிடம் வாயை அளந்து பேசத் தொடங்கியதில் வியப்பென்ன என்று கேட்டார்.

அடுத்த அமர்வுக்கு நான் ஒரு கட்டுரையை நகலெடுத்துக் கொடுத்தேன். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த டார்லீன் கிளார்க் ஹைன் 1989இல் 'சைன்ஸ்' (Signs) என்ற பெண்ணிய ஆய்விதழில் எழுதியது. தெற்கிலிருந்து மத்திய மேற்கு மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினப் பெண்கள், வெளிப்பார்வைக்கு மனம் திறந்து பழகுவதாகத் தோன்றிக்கொண்டே, தங்கள் அக வாழ்வை, குறிப்பாகப் பாலியல் வன்முறை பற்றிய நினைவுகளை, எவர் கண்ணுக்கும் படாமல் காத்துக்கொள்ளும் ஒரு பண்பாட்டை உருவாக்கிக்கொண்டார்கள் என்பது அவருடைய வாதம். மெம்ஃபிஸில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்த அரீதாவுக்கு அது அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தியது. சிரித்துப் பேசி, சமையலும் சினிமாவுமாகக் கதை சொல்லி, வாசகரை வரவேற்பறையிலேயே உட்கார வைத்து அனுப்பிவிடும் அந்த நூலின் நடை, ஒரு முதலாளித்துவப் பிரபலத்தின் பாசாங்கு அல்ல, தலைமுறை தலைமுறையாகப் பயின்ற தற்காப்பு என்று எனக்கு அப்போது உறைத்தது. செவிலியர் கட்டுரையைக் கவனமாகப் படித்துவிட்டு வந்தார். மௌனத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அந்த மௌனத்தால் தப்பித்தவர்கள் யார் என்பதற்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை என்றார். அதற்கு எவரும் மறுமொழி சொல்லவில்லை.

சிலர் பழியைத் துணை எழுத்தாளர் மேல் போடப் பார்த்தார்கள். அது நியாயமில்லை. அதே ரிட்ஸ் 1978இல் பாடகர் ரே சார்லஸோடு சேர்ந்து எழுதிய 'பிரதர் ரே' நூலில், ஹெராயின் பழக்கமும் பெண்களோடான உறவுகளும் பட்டவர்த்தனமாகப் பேசப்படுகின்றன. கேட்கும் ஆள் ஒருவரே, சொல்லும் ஆள்தான் வேறு. தன்வரலாற்றுக்குத் துணை நிற்பவர் கடைசியில் நூலுக்குரியவரின் குரலுக்குக் கட்டுப்பட்டவர். அரீதா தம்மை எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் அந்த நூல் வந்தது, தம்மால் அவரைத் திறக்க வைக்க முடியவில்லை என்பதை ரிட்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார். உடன்பிறந்தார், முகவர் ரூத் போவன், தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் ஆகியோர் சொன்னதையெல்லாம் சேர்த்து அவர் எழுதிய இரண்டாவது நூல் அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்ததுதான். தேவாலய அம்மா இங்கேயும் ஒன்று சொன்னார்: பெண்களோடு புரண்ட கதையைச் சொன்ன ஆணை நேர்மையாளர் என்று மெச்சிய உலகம், 12 வயதில் பெற்ற கதையைச் சொல்லும் பெண்ணை வேறு பெயரால்தான் அழைத்திருக்கும்.

வாசகர் வட்டத்தில் எனக்குச் சங்கடம் தந்த ஒரு முரணையும் சொல்ல வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் 1982ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நூலகத் தனியுரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் என்ன நூல் எடுத்தார் என்பதை அவருடைய ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ இன்றி நாங்கள் வெளியிடக் கூடாது. மனைவி எடுத்த நூல் எது என்று கணவர் மேசைக்கு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம், சிலருக்கு அதில் கோபம்கூட வரும். விவாகரத்து வழிகாட்டியையோ புற்றுநோய்க் கையேட்டையோ தலைகுனிந்தபடி நீட்டுபவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முத்திரையிட்டுக் கொடுக்கும் வேலையில் பழகிய நான், மாலையில் அதே கட்டடத்தின் இன்னோர் அறையில் உட்கார்ந்து, ஒரு பெண் தம் வாழ்க்கையை முழுவதும் எழுதவில்லையே என்ற விசாரணைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தேன். விலை கொடுத்து விற்கப்பட்ட நூல்தானே, வாங்கியவருக்குக் கேட்க உரிமை இல்லையா என்று இளைஞர் வாதிட்டார். உரிமை உண்டுதான். கேட்டதற்குப் பதில் வந்தே தீர வேண்டும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அந்த இளைஞரே பிறகு, சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் பாட்டில் சொல்லிவிட்டார் என்று சமாதானம் அடைந்தார். இது பலரும் சொல்லக் கேட்டதுதான், எனக்கு முழு உடன்பாடு இல்லை. அரீதா பாடிப் புகழ்பெற்ற 'ரெஸ்பெக்ட்' (மரியாதை), ஓட்டிஸ் ரெட்டிங் என்ற பாடகர் தம் குரலுக்கு எழுதிய பாட்டு. 'நேச்சுரல் உமன்' பாட்டில் எழுதியவர்களாக ஜெரி காஃபின், கரோல் கிங், வெக்ஸ்லர் ஆகியோரின் பெயர் இருக்கிறது. அவற்றை அரீதாவின் நாட்குறிப்பாகப் படிப்பது, நூல் மறுத்ததைப் பாட்டிலிருந்து திருடிக்கொள்ளும் முயற்சி. ரெட்டிங்கின் பாட்டில் களைத்து வீடு திரும்பும் ஆண் கெஞ்சியதை, அந்தச் சொல்லின் எழுத்துகளைத் தனித்தனியாக உச்சரித்து அதட்டும் பெண்ணின் கட்டளையாக மாற்றியது அவருடைய கலைத்திறன். அதற்கு வீட்டுச் சோகம்தான் ஊற்று என்று சொல்லிவிட்டால் திறனுக்குரிய பாராட்டு குறைந்துபோகும். சுதந்திரத்தைக் கேட்டு முழங்கும் 'திங்க்' பாட்டில் அவர் பெயரோடு டெட் ஒயிட்டின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

தம்மைப் பற்றிய எதையும் பிறர் கையில் விடாத அந்தப் பிடிவாதம் நூலோடு நிற்கவில்லை. மேடைக்கு வருமுன் ஊதியத்தை ரொக்கமாக வாங்கிக் கைப்பையில் வைத்து, அந்தப் பையைப் பியானோவின் மேலேயே வைத்துக்கொண்டு பாடுவார். 2015 டிசம்பரில் கென்னடி மையத்தில், கரோல் கிங்குக்கு நடந்த பாராட்டு நிகழ்ச்சியிலும் கைப்பையோடுதான் மேடையேறினார். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயத்தில் அவர் பாடியதைத் திரைப்பட இயக்குநர் சிட்னி பொல்லாக் படமாக்கினார். ஒலியும் படமும் இசையாமல் முடங்கிக்கிடந்து, பிற்காலத்தில் அதைச் சரிசெய்து வெளியிட முயன்றபோதெல்லாம் அரீதா நீதிமன்றத்துக்குப் போய்த் தடுத்தார். அவர் மறைந்த பிறகே அது திரைக்கு வந்தது.

உயில் விஷயத்தில் மட்டும் அந்தப் பிடி தளர்ந்துபோனது. முறையான உயில் இல்லை என்று குடும்பத்தார் நினைத்திருந்த நிலையில், 2019இல் வீட்டிலிருந்து அவர் கைப்பட எழுதிய தாள்கள் கிடைத்தன. 2014ஆம் ஆண்டு தேதியிட்டவை சோபா மெத்தைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. 2023 ஜூலையில் பாண்டியாக் நகரில் நடுவர் குழு அவையே செல்லும் என்று தீர்ப்பளித்தது. அடித்தல் திருத்தல்களோடு கூடிய அந்தப் பக்கங்களின் படங்கள் செய்திகளில் வந்தபோது எங்கள் வட்டத்தில் மறுபடி பேச்செழுந்தது. தன்வரலாற்றில் கேட்காத குரல் இந்தக் கிறுக்கலில் கேட்கிறது என்று செவிலியர் ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கிப் படித்தார். தேவாலய அம்மா திரையைப் பார்க்க மறுத்து, தமக்கு என்று எழுதாததைத் தாம் படிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதத்துக்கு என்ன நூல் என்று என்னிடம் கேட்டார். ரே சார்லஸின் நூலை எடுக்கலாம் என்று இளைஞர் சொன்னார். இருவருமே அதற்குச் சம்மதித்தார்கள்.