காதுக்கு நேரே உள்ளே என்ன இருக்கிறது?

செவிலியர் மாணவிகளுக்கு மூளையின் அமைப்பைக் கற்பிக்கிறேன். படத்தில் ஒரு பாகத்தைத் தொட்டுப் பெயர் கேட்டால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லிவிடும். "அது உன் தலையில் எங்கே இருக்கிறது? விரல் வைத்துக் காட்டம்மா" என்றால் பலருக்குக் கை எழாது. நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த விரல்தான் வேலை செய்கிறது.

மூளைக்குள் அழுத்தம் கூடிய சிலருக்கு மண்டையோட்டில் துளையிட்டு, மூளைக்குள் திரவம் நிறைந்திருக்கும் அறைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, திரவத்தை வெளியே வடியவிடுவார்கள். அது வந்து சேரும் வடிகலத்தை மருத்துவர் சொன்ன உயரத்தில் நிறுத்தி வைப்பது செவிலியரின் பொறுப்பு. உயரத்தை அளக்கத் தொடங்கும் இடம், காதுத் துளையை முன்னாலிருந்து மறைக்கும் சிறு குருத்து. கட்டிலின் தலைமாட்டை ஏற்றி இறக்கினால் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். வடிகலம் தாழ்ந்துவிட்டால் திரவம் மளமளவென்று இறங்கி அறைகள் சுருங்கும். மேற்பரப்புச் சிரைகள் இழுபட்டு இரத்தம் கசியவும் கூடும். உயர்ந்துவிட்டால் வடிவது நின்று அழுத்தம் ஏறும்.

ஏன் காது? இதற்குப் படத்தை வைத்துப் பதில் சொல்வது பெரும்பாடு. துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டும் மூளை மாதிரி (மாடல்) கையில் இருந்தால் விளக்கமே தேவைப்படாது. எங்களிடம் உள்ளதில் திரவ அறைகள் மட்டும் நீல நிறத் துண்டாகத் தனியே வெளியே வரும். இருபுறமும் வளைந்த பக்க அறைகள், நடுவில் ஒடுங்கிய மூன்றாவது அறை, அதிலிருந்து இறங்கும் நூல் போன்ற பாதை, சிறுமூளைக்கு முன்னால் நான்காவது அறை. பக்க அறைகள் மூன்றாவதோடு சேரும் துளை ஏறக்குறைய அந்தக் காதுக் குருத்தின் மட்டத்தில் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் திரவம் ஊறுகிறது; ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது 150 அளவுதான். அந்த நூல் பாதை அடைபட்டால் எந்த அறைகள் வீங்கும் என்பதை மாணவிகளே தடவிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு மாணவி அந்த நீலத் துண்டைத் தோழியின் நெற்றிப்பொட்டருகே பிடித்து, தோழியின் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், நோயாளி ஒருக்களித்துப் படுத்தால் காது மட்டம் பொருந்தாதே?" பொருந்தாதுதான். பக்க அறைகள் மூன்றாவதோடு சேரும் துளைகள் தலையின் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அப்போது புருவ மத்தியை வைத்து அளக்க வேண்டும். படத்தைப் பார்த்துப் படித்த எவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

இதனால்தான், பல கல்லூரிகளில் இந்த மாதிரிகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி கல்லூரியை ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு மட்டும் திறந்து காட்டுவதைப் பார்க்கையில் எனக்கு வயிறு எரிகிறது. துண்டுகள் தேயட்டும், அவற்றை இணைக்கும் காந்தம் விழட்டும், ஒட்டிக்கொள்ளலாம். திரையில் சுழலும் முப்பரிமாணப் படங்களும் நல்லவைதான். ஆனாலும் அவற்றைத் தோழியின் தலையருகே பிடித்துப் பார்க்க முடியாது.

மாதிரியோடு நிறுத்திவிடவும் கூடாது. திரவம் நிறைந்த அறையை அது கெட்டியான பொருளாகக் காட்டுகிறது. பஞ்சு போல் அமுங்கும் மூளையைக் கடினமாக்கிவிடுகிறது. ஆகவே அடுத்த வகுப்பில் ஃபார்மலினில் பதப்படுத்திய மூளையின் வெட்டுமுகத்தைக் காட்டுகிறேன். நீலமாகப் பிடித்துப் பார்த்தது அங்கே வெறும் பிளவு. பிறகு சிடி ஸ்கேன்: திரவம் கருமை, புதிதாகக் கசிந்த இரத்தம் வெண்மை. இந்த வரிசையில் வந்தவர்கள் ஸ்கேனின் எந்தப் படலத்தைக் காட்டினாலும் தங்கள் தலையில் அதன் மட்டத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள்.