ஆண் நாய்க்கு ரத்தம் சொட்டுகிறதா? புராஸ்டேட்டைப் பாருங்கள்

விதை எடுக்காத ஆண் நாய், வயது ஆறேழு. படுத்து எழுந்த இடத்தில் இரண்டு சொட்டு ரத்தம் கிடக்கிறது. மூத்திரம் போகாத நேரத்திலும் சொட்டுகிறது. இதை மூத்திரத் தொற்று என்று எடுத்துக்கொண்டு ஐந்து நாள் மாத்திரை கொடுத்து முடித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

ஆனால் இந்த ரத்தம் புராஸ்டேட்டிலிருந்தும் வரலாம். அது மூத்திரப்பையின் கழுத்தைச் சுற்றி இருக்கும் ஆண் சுரப்பி. மனிதருக்கு புராஸ்டேட் வீங்கினால் மூத்திரக்குழாயை நெரிக்கும். நாய்க்கு அது வெளிப்பக்கமாகப் பெருத்து, மேலே இருக்கும் மலக்குடலை அழுத்தும். நாய் முக்கிக்கொண்டே நிற்கும், மலம் நாடா மாதிரி தட்டையாக வரும். இதற்கு மலமிளக்கி மட்டும் கொடுத்துப் பயனில்லை.

விரல் பரிசோதனையைத் தவிர்க்கும் டாக்டரை நான் நம்பமாட்டேன். சுட்டுவிரல் மலக்குடலுக்குள் இருக்க, மற்றக் கையால் அடிவயிற்றை மேலே தள்ள வேண்டும். பெருத்த புராஸ்டேட் வயிற்றுக்குள் சரிந்திருக்கும். தள்ளாவிட்டால் விரலுக்கு எட்டாது. இரு பக்கமும் சமமாய், வழவழப்பாய், வலியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் வயதால் வரும் வீக்கம். தொட்டதும் நாய் துடித்து, காய்ச்சலும் இருந்தால் கிருமித்தொற்று. கல்லாய், மேடுபள்ளமாய் இருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம். விதை எடுத்த நாய்க்கு புராஸ்டேட் பெருத்திருந்தாலே அந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். அந்த ஆபரேஷன் வயது வீக்கத்தைத் தடுக்கும், புற்றுநோயைத் தடுக்காது.

அடுத்து ஸ்கேன், மூத்திரக் கல்ச்சர் (மூத்திரத்தில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பது). இனப்பெருக்கத்துக்கு விடும் நாய் என்றால் புரூசெல்லா என்ற பாக்டீரியாவுக்கான பரிசோதனையும் வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும்.

வயது வீக்கத்துக்கு விதை நீக்கமே நிரந்தர வழி. சுமார் 3 வாரத்தில் புராஸ்டேட் பாதியாகிவிடும். குட்டி எடுக்க வேண்டியிருந்தால் புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைட் மருந்து: மனிதருக்கான 5 மி.கி. மாத்திரை, 10 முதல் 50 கிலோ நாய்க்குத் தினம் ஒன்று, டாக்டர் சொன்னபடி. நிறுத்தினால் மறுபடி பெருக்கும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

நாள்பட்ட தொற்றுதான் ஏமாற்றும். அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் புராஸ்டேட்டுக்குள் சரியாக நுழைவதில்லை. என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா நுழையும். கல்ச்சர் பார்த்துத் தேர்ந்து 4 முதல் 6 வாரம் கொடுக்க வேண்டும். நாலாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிடும், வீட்டில் மாத்திரையும் நின்றுபோகும். முழுதாக முடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர் எடுங்கள். சீழ் கட்டியிருந்தால் வெறும் மாத்திரை போதாது, வடிக்க வேண்டும். விதை நீக்க ஆபரேஷனைக் காய்ச்சலும் வலியும் அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.